பால்கனிக்கு ஒரு வேண்டுகோள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அம்மையார் ஜெயக்கொடி அவர்களே! கடலோடு மல்லுக்கட்டி, களைத்த உடம்போடு வந்திருக்கும் கத்திவாக்கத்துப் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அவசரமாய்ப் பூச்சூடி, அரங்கம் நிறைத்திருக்கும் அன்னையரே! பால்கனியில் வீற்றிருக்கும் என் விசில் வேந்தர்களே! அனைவரையும் வணங்குகிறேன். வணங்கிய கையோடு கெஞ்சுகிறேன்: இன்று யாரும் காலைத் தட்டாதீர்கள்!

சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, தாய்மார்களே. இந்த ஒலிவாங்கியைப் பேசுவதற்காகப் பிடித்திருக்கிறேனா, விழாமல் நிற்பதற்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

இது எந்த இடம்? அலைமகள் டாக்கீஸ்! அம்மையாரின் தந்தை வேதமாணிக்கம், தெற்கிலிருந்து வந்து, மிளகாய் மண்டி வைத்து, நம் சனங்கள் நாற்காலியில் சாய்ந்து படம் பார்க்கவேண்டும் என்று கட்டிய மாளிகை! தீப்பெட்டி ஆலையின் சங்கு ஊதினால்தான் மாலைக் காட்சி தொடங்கும். ஏன்? விம்கோ நகரிலிருந்து வேர்க்க வேர்க்க ஓடிவரும் தொழிலாளி முதல் காட்சியைத் தவறவிடக் கூடாது!

ஆலை ஓய்ந்தது. சங்கு ஓய்ந்தது. கூட்டமும் ஓய்ந்தது. டாக்கீஸ் கிடங்கானது; நாம் உட்கார்ந்த நாற்காலிகளில் தார்ப்பாய் மூட்டைகள் உட்கார்ந்தன. அந்த மூட்டைகளை இறக்கியது யார்? நீங்கள்! கிழிந்த திரை தொங்கிய இடத்தில் மேடை போட்டது யார்? நீங்கள்! பறையும் பரதமும், கானாவும் கூத்தும் ஒரே கூரையின் கீழ் என்று சொன்னது யார்? நீங்கள்!

ஆனால் திறப்பு விழா அன்று என்ன செய்தோம்? கூத்தில் ராஜா வேடம் திரை விலக்கி வந்தது. படத்தில் நாயகன் முகம் காட்டினால் என்ன செய்வோமோ, அதையே செய்தோம். பால்கனி முழுக்கக் காலால் தாளம்! கீழே ஒரு தாயின் மடியில் காரை பெயர்ந்து விழுந்தது. மடியில் இருந்த பிள்ளை அப்போதுதான் அப்பாவின் தோளுக்குத் தாவியிருந்தது.

அதனால்தான் அனுமதி தரவேண்டிய பொறியாளர் தவ்ஃபீக் ஐயா, பால்கனியின் அடியில் இருக்கும் விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை ஒட்டியிருக்கிறார். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் நாளைக் காலை கதவில் பூட்டு! "உட்காரலாம், எழுந்து நிற்கலாம், குதிக்க மட்டும் கூடாது" என்றார். இதோ, அதற்குக் கீழேயே அமர்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என்ன, பால்கனி வரதண்ணே? "விசிலாவது வுடலாமா நைனா?" என்றா கேட்கிறீர்கள்? விடுங்கள், காது கிழிய விடுங்கள்! பொறியாளரிடம் அதைக் கேட்டுவிட்டுத்தான் மேடையேறினேன்.

இன்று ஆடப்போகிறவள் மகிழினி. வியாசர்பாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆடிப் பழகியவள். எத்தனை சபாக்களின் படி ஏறினாள்! எத்தனை பேர் தேதி இல்லை என்றார்கள்! இந்தக் கதவும் மூடினால் அவளுக்கு வேறு மேடை ஏது? எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலைச் சுவாசித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, நிமிர்ந்து நிற்க, நிறைந்து சிரிக்க, நெஞ்சு விம்ம ஆட, நமக்கென்று ஓர் அரங்கம் வேண்டுமா, வேண்டாமா?

ஐயோ! யார் கால் அது? நிறுத்துங்கள்! நிறுத்துங்கள், அண்ணே!

தவ்ஃபீக் ஐயா... கண்ணாடி?

தலையாட்டுகிறார். முழுசாக இருக்கிறது. இருங்கள், கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். இனி எதுகையும் வேண்டாம், மோனையும் வேண்டாம். மெதுவாகவே பேசுகிறேன்.

சற்று முன் திரைக்குப் பின்னால் சலங்கை கட்டிக்கொண்டே மகிழினி கேட்டாள்: "நா வரசொல்லோ எல்லாரும் கம்முனு குந்திகினு இருந்தா, எங்க ஜனத்துக்குப் புட்ச்சிகீதா இல்லியானு எனுக்கு எப்டிக்கா தெரியும்?"

பிடித்திருக்கிறதா என்பதற்குப் பதில்? உங்களிடம் இருக்கிறது. உங்கள் தோளில் இருக்கிறது! அந்தத் துண்டை எடுங்கள், அண்ணே. தாய்மார்களே, கைக்குட்டையை எடுங்கள். அவள் வரும்போது காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, கையை உயர்த்திச் சுழற்றுங்கள். அவள் பார்க்கட்டும் என்று பால்கனி விளக்கை அணைக்கவேண்டாம் எனச் சொல்லியிருக்கிறேன்.

அசையாத உங்கள் கால்களுக்கு என் நன்றி. சுழலும் உங்கள் கைகளுக்கு என் வணக்கம். சலங்கை கேட்கிறது, நான் ஒதுங்குகிறேன்.

மகிழினி, வா அம்மா. தலையைத் தூக்கி மேலே பார். புட்ச்சிகீது!