தூக்குவாளிங்கிற பேரு வந்த விதம்

மாப்பிள்ளையோட அப்பா முகத்தைப் பாக்கறேன்... "இவரு எப்ப முடிப்பாரு, எப்ப பந்தி போடுவாங்க"ன்னு இருக்கு. ஒரே ஒரு சின்னக் கதை சொல்லிடறேன் ஐயா, ரசம் ஆறிடாது.

டி.வி. வந்த புதுசு. வாராவாரம் ஒரு குடும்ப நாடகம். அதுல வேலைக்காரன் பேரு என்ன தெரியுமா? தூக்குவாளி. ஆமாங்க, மனுஷனுக்குத்தான் அந்தப் பேரு. யாராவது வைப்பாங்களா? பின்ன எப்படி வந்துச்சு?

வேதவல்லின்னு ஒரு பொண்ணு. கல்யாணம் ஆகி ஆறு மாசம். நடிப்புன்னா உசிரு. அந்த நாடகத்துல நடிக்க வாய்ப்பு வந்துச்சு. சொந்தக்காரங்க எல்லாம் கூடவே கூடாதுன்னு நின்னப்ப, மாமனார் தணிகாசலம் ஒருத்தர்தான், "நான் கூடப் போறேன்"னாரு. தூக்குவாளியில தயிர்சோறு எடுத்துக்கிட்டு ஸ்டுடியோவுக்கே வந்து, மூலையில உக்காந்துட்டாரு.

முதல் நாள், முதல் காட்சி. வீட்டம்மாவா நடிக்கிற வேதவல்லி வேலைக்காரனைக் கூப்பிடணும். கையில குடுத்த காகிதத்துல என்ன எழுதியிருக்கு? "டேய் தணிகாசலம், எங்கடா போன?"

தாய்மாருங்களே... நீங்க சொல்லுங்க. மாமனார் பேரு. அவரு எதிர்லயே. அதுவும் "டேய்" போட்டு. வாய் வருமா?

கேமரா ஓடுது. "டேய்..." நின்னுட்டா. மறுபடி ஓடுது. "டேய்..." அவ்வளவுதான். டைரக்டருக்குக் கோபம். "ஏம்மா, ஒரு பேரு ஞாபகம் இருக்காதா? இன்னொரு தடவை நின்னா வேற ஆளைப் போட்டுருவேன்." காரணத்தைச் சொல்லலாமேன்னு கேப்பீங்க. சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள மறுபடி கேமராவை ஓட்டிட்டாங்களே...

மூணாவது தடவை. கண்ணு கலங்கிப் போச்சு. மூலையைப் பாக்கறா. மாமனார் மடியில அந்தப் பாத்திரம். "டேய்... தூக்குவாளி, எங்கடா போன?"

வேலைக்காரனா நடிச்சவரு பழுத்த நாடகக்காரரு. அசரல. "மூடியைக் காணோம்மா, தேடிக்கிட்டு இருந்தேன்." டைரக்டரே சிரிச்சுட்டாரு. அந்தப் பேரே நிலைச்சுப் போச்சு.

வீட்டுக்குத் திரும்புற பஸ்ஸுல அந்தக் காகிதத்தை வாங்கிப் பாத்தாரு மாமனார். "பைத்தியக்காரப் பொண்ணே, இதுக்காகவா? வேலை போயிருந்தா?"

"போனா போகட்டும் மாமா. உங்களை 'டேய்'னு கூப்பிட்டு எனக்கு ஒரு வேஷம் வேணுமா?"

அவரு துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டாரு. மறுநாள்லேர்ந்து அந்தத் தூக்குவாளியைக் கழுவறதும் சோறு கட்டறதும் அவருதான், மருமகளைத் தொட விடல. தெருப் பசங்க "தூக்குவாளித் தாத்தா"ன்னு கத்தினா, "என்னடா?"ன்னு கம்பீரமாத் திரும்புவாரு.

இதை ஏன் சொல்றேன்? மருமக மரியாதை குடுக்கலன்னு ஊரெல்லாம் புலம்பறோம். அந்தப் பொண்ணு வாயைக் கட்டினது எது? மிரட்டலா? இல்லீங்க. அவளுக்காகச் சொந்தபந்தத்தையே எதிர்த்துட்டு ஒரு மனுஷன் மூலையில உக்காந்திருந்தாரே... அதுதான். குடுத்தவருக்குத்தான் கிடைச்சுது.

நம்ம கல்யாணப் பொண்ணு அடுத்த வாரமே வேலைக்குப் போகுது. எல்லாரும் பொண்ணு மாப்பிள்ளைக்குப் பரிசு குடுத்தீங்க. நான் மாமனாருக்குக் கொண்டு வந்திருக்கேன். வாங்க ஐயா, மேடைக்கு வாங்க... புதுத் தூக்குவாளி. மூடி இருக்கான்னு பாத்து வாங்கிக்குங்க.