சின்ன லிவர்

அக்கா, வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நேற்று நீ சொன்னது நல்ல யோசனைதான். ஆனால் புது வண்டிகளை ஓட்டிப் பழகியவர்களுக்கே நம் பழைய ஜீப் லேசில் பிடிபடாது. அதனால் அதன் குணங்களை எழுதித் தருகிறேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் வார்த்தை எனக்குத் தொண்டையோடு நின்றுவிடும், உனக்குத் தெரியும்.

காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது சோக்கை முழுதாக இழு. இன்ஜின் பிடித்ததும் பாதி உள்ளே தள்ளு. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு வரும்போது கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். ஒரு முறை மிதித்தால் பல்லைக் கடிக்கும். ஸ்டீயரிங்கில் இரண்டு விரல் அளவு ஆட்டம் இருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது, பழகிக்கொள்ள வேண்டியதுதான். ஈரமான ரோட்டில் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும்.

பெரிய கியர் லிவருக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு லிவர் இருக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் இழுவை கொடுப்பது அது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அத்தான் இந்த வண்டியை ஏலத்தில் எடுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். முன் சீட்டுக்கு அடியில் அரை அடி உயரத்துக்குச் செடி முளைத்திருந்தது. நீ அதைப் பிடுங்கித் தொட்டியில் நட்டுவிட்டு, வண்டியில் உருப்படியாக இருந்தது இது ஒன்றுதான் என்றாய். அணை வேலைக்காக அத்தானை மேட்டுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே வீடும் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டிலிருந்து அணைக்குப் போகும் மலைப்பாதையில் தினமும் ஏறி இறங்க இப்படி ஒரு வண்டி வேண்டும். அது தயாராகும்வரை இரண்டு பேரும் இங்கேயே, என்னோடு இருப்பது என்று முடிவானது.

உன் கல்யாணத்துக்குப் பிறகு மூன்று வருஷம் இந்த வீட்டில் நான் தனியாக இருந்தேன். அதைப் பற்றி நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. தண்ணீர் பரிசோதனைக் கூடத்திலிருந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மறுநாள் காலை வேலைக்குப் போகும்வரை நான் வாய் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது. சில நாள் என் குரல் இருக்கிறதா என்று பார்க்க, பாத்திரம் கழுவும்போது அன்று பரிசோதனையில் எடுத்த மீட்டர் எண்களைச் சத்தமாகச் சொல்வேன்.

நீங்கள் வந்த பிறகு விடுமுறை நாளெல்லாம் ஷெட்டில் கழிந்தது. அத்தான் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பார். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். பிறகு நானே கழற்றக் கற்றுக்கொண்டேன். நீ பழைய டயரின் மேல் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் வாருவாய். அவர் எனக்கு சயின்டிஸ்ட் என்றும் வண்டிக்கு எருமை என்றும் பெயர் வைத்தார். அந்தப் பதினான்கு மாதம் போல எனக்கு வேறு காலம் வாய்த்ததில்லை.

உண்மையில் அந்த வண்டிக்கு ஐந்து மாத வேலைதான் இருந்தது.

மீதி ஒன்பது மாதத்தை நான் பார்த்துக்கொண்டேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்படியே செய்தேன். ஒரு வாரம் கார்புரேட்டரின் மிதவையை லேசாக வளைத்தேன். இன்னொரு வாரம் ஒரு ஒயரின் உள்ளே மட்டும் கம்பியை வெட்டினேன், மேலே பார்த்தால் தெரியாது. எதைக் கெடுத்தேன் என்று தேதி போட்டு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன், திரும்பச் சரிசெய்ய மறந்துவிடக் கூடாதே என்று. அத்தான் இரண்டு மூன்று வாரம் தேடுவார். பிறகு நான் கண்டுபிடித்ததுபோல் எடுத்துக் காட்டுவேன். சயின்டிஸ்ட் இல்லாவிட்டால் என் கதி என்ன ஆவது என்பார்.

தகடுகளைப் பற்றவைக்க வந்துபோகும் வெல்டர் அண்ணன் ஒருநாள், இது தானாகக் கெடுகிற மாதிரித் தெரியவில்லை என்று தலையைச் சொறிந்தார். அத்தான் சிரித்தார்.

"எருமைக்கு உடம்புல ஒரு நோயும் இல்லண்ணே. மனசுலதான் ஏதோ இருக்கு. இங்கேருந்து கிளம்ப மாட்டேங்குது."

"உங்க ராசி அப்படி. மாமியார் வீட்டுல ஒட்டிக்கிட்டா எந்த எருமைதான் கிளம்பும்," என்றாய் நீ.

நானும் சிரித்தேன். அந்த மலைப்பாதையில் நீ போய்வருவது ஆபத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் உன் நல்லதுக்காகத்தான் என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன்.

கடைசியில் கெடுக்க ஒன்றும் மீதியில்லை. கைபிரேக் கேபிள் மட்டும் பாக்கி. அது வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. என் சான்றிதழ் ஃபைலுக்கு அடியில், பீரோவில் இருந்தது. கடையில் இன்னும் வரவில்லை என்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தான் பொறுத்துப் பார்த்தார். பிறகு, கைபிரேக் இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும், கியரில் போட்டு நிறுத்திக்கொள்ளலாம், அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஒரே வாரத்தில் கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள் வந்துவிட்டன. உன் எழுத்தில் ஒவ்வொன்றின் மேலும் பெயர் இருந்தது. என் பெயர் எதிலும் இல்லை. நான் இருக்கிற வீட்டில் என் பெயர் எழுதிய பெட்டி எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று மூன்று பேரும் கிளம்பினோம். நீ ஏறி உட்கார்ந்துவிட்டு, அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க இறங்கி உள்ளே போனாய். ஷெட்டிலிருந்து கேட் வரைக்கும் இறக்கம். அத்தான் வண்டியைக் கேட்டுக்கு ஆறடி முன்னால் நிறுத்தி, ரிவர்ஸ் கியரில் போட்டு, இன்ஜினை அணைத்தார். சக்கரத்துக்குக் கல் வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், கியர் பிடிக்கும் என்றேன். அது பொய்யில்லை. கியர் நன்றாகவே பிடித்துக்கொண்டிருந்தது. அவர் கேட்டைத் திறக்க இறங்கிப் போனார்.

அத்தானின் சாவை விசாரிக்க வந்த அதிகாரியிடம், இறங்குவதற்காகத் திரும்பினேன், முழங்கால் சின்ன லிவரில் பட்டுவிட்டது என்றேன். அந்த லிவர் நடுவில் நின்றுவிட்டால் கியருக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துபோகும், வண்டி எந்தக் கியரில் இருந்தாலும் உருளும் என்று வெல்டர் அண்ணன் அவருக்கு விளக்கினார். பழைய பல்சக்கரம், தேய்ந்திருக்கும், தொட்டால் நழுவும் என்று அவரே சேர்த்துச் சொன்னார். அவர் அந்த வண்டியைச் சமதரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். நீ என்னைக் கட்டிக்கொண்டு, உன் மேல் தப்பில்லை என்று அழுதாய். பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே வைத்தாய்.

இரண்டு வருஷமாகத் தினமும் இந்த வண்டியில்தான் வேலைக்குப் போகிறேன். முன்பக்கத்து நெளிவைத் தட்டி எடுத்துவிட்டேன். கைபிரேக் கேபிளைப் பொருத்திவிட்டேன். தினமும் கேட்டுக்கு ஆறடி முன்னால் நிறுத்தி, இறங்கி, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று தாழ்ப்பாளைத் திறக்கிறேன். தினமும் பின்னால் சரளைக்கல்லை டயர் அரைக்கும் சத்தம் கேட்கிறது, மிக மெதுவாக. திரும்பிப் பார்க்க மாட்டேன். தாழ்ப்பாள் திறந்ததும் சத்தம் நின்றுவிடும். வண்டி நிறுத்திய இடத்திலேயே நிற்கும்.

இப்போது அணை அலுவலகத்தில் உனக்கு அத்தானுடைய இடத்தில் வேலை தருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. வண்டி ஓட்டப் பழகிக்கொண்டு, அதிலேயே மேட்டுக்குப் போய்விடுகிறேன் என்றாய். கடையில் அட்டைப்பெட்டியும் கேட்டுவைத்திருக்கிறாய்.

அதனால்தான் சின்ன லிவரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓட்டக் கற்றுக்கொண்டால் ஒரு வாரத்தில் உன் கைக்கே தெரிந்துவிடும். சமதரையில் அது ஒரு விரலுக்கு வரும். இறக்கத்தில், கியரின் மேல் வண்டியின் மொத்தப் பாரமும் தொங்கும்போது, பற்கள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருக்கும். முழங்கால் பட்டால் அசையக்கூட அசையாது. காலை எதிரில் ஊன்றி, இரண்டு கையாலும் இழுக்க வேண்டும்.

நான் அப்படித்தான் இழுத்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. தாழ்ப்பாள் இறுகியிருந்தது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே, திரும்பாமல் அத்தான் பேசினார்.

"சயின்டிஸ்ட், நீயும் எங்ககூட வந்துடேன். அங்க ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. நேத்துலேருந்து உங்க அக்காவும் அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கா."

அவர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது. லிவர் அப்போது பாதிதான் வந்திருந்தது. பற்கள் இன்னும் பிடியை விடவில்லை. கையை எடுத்திருந்தால் போதும். யாராவது எதையாவது கேட்டால் பதில் சொல்ல எனக்கு நேரமாகும். வாயில் வார்த்தை வருவதற்குள் மீதிப் பாதியையும் இழுத்துவிட்டேன்.

சரளைச் சத்தத்தோடு அந்தக் கேள்வியும் தினமும் கேட்கிறது. சரி அத்தான், வருகிறேன் என்று இப்போதெல்லாம் சத்தமாகவே பதில் சொல்கிறேன். நன்றாகச் சொல்ல வருகிறது.

உன்னிடம் எதையும் மறைக்கவில்லை, அக்கா. மனசு லேசாக இருக்கிறது. இதைப் படித்துவிட்டு நீ கொஞ்ச நேரம் அழுவாய். பிறகு நாம் பெட்டிகளைக் கட்டலாம், அந்த இன்னொரு அறை எனக்குப் போதும். ஆனால் நீ தனியாக ஓட்டிப் பழகாதே, அந்த இறக்கம் புதிதாக ஓட்டுபவர்களுக்கு ஆகாது. நாளைக் காலை நான் உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு, சின்ன லிவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.