புகைபோக்கியை மூடிய மகள்

ஊட்டியில் ஆங்கில நாவல் நடத்துவதில் ஒரு வசதி உண்டு, இன்ஸ்பெக்டர் சார். குளிரை விளக்க வேண்டியதில்லை. விக்டோரியா காலத்துக் குடும்பம் கணப்பின் முன்னால் கூடி உட்கார்ந்ததுமே என் மாணவிகள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள்.

நான் வருடந்தோறும் நடத்தும் நாவலில் ஒரு சாவு வருகிறது. வயதான அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மூத்த மகள், வெளியூரிலிருந்து வந்த தம்பி தூங்கும் அறையில் சூடு போய்விடக் கூடாதென்று, கணப்பு எரியும்போதே புகைபோக்கியை மூடிவிடுகிறாள். விடிந்து பார்த்தால் தம்பி உயிரோடு இல்லை. 'அன்பு மிகுதியால் நேர்ந்த பிழை' என்று எழுதினால் முழு மதிப்பெண் போடுவேன்.

இந்த வருடம் சோலூர் ஜீவிதா எழுந்து நின்றாள்.

"கரி போட்டா சன்னலத் தொறந்து வெக்கோணும்னு எங்கூர்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமுங்க மேடம். அந்த ஊட்டுலயே பொறந்து வளந்தவளுக்குத் தெரியாதுங்களா?"

அவளை உட்காரச் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதுகூட அந்தக் கேள்வி பின்னாலேயே வந்தது. தெரிந்தே செய்திருந்தாலும், கடைசிப் பக்கம் வரை யாரும் அவளைச் சந்தேகிக்கவில்லை. இத்தனை வருடம் நடத்தியும் இது என் கண்ணில் படவில்லை.

என் தம்பி கீர்த்திவாசனுக்குச் சின்ன வயதிலேயே இளைப்பு, மலைக்குளிர் ஆகாது. அதனால் கோயமுத்தூரில் மாமா வீட்டில் வளர்ந்தான். பொங்கல் முடிந்ததும் அப்பாவைத் தன்னோடு அழைத்துப்போக வந்தான். அப்பா மாட்டேன் என்பார் என்றிருந்தேன். அவரோ ஸ்வெட்டர்களை மடித்து என்னிடம் நீட்டினார்.

"அங்க இதெல்லாம் எதுக்குக் கண்ணு? நீயே வெச்சுக்க."

அம்மா போன பிறகு, கல்யாணப் பேச்சையே எடுக்கவிடாமல் அவரோடு இருந்தவள் நான். வலித்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மலைப்பாதை வளைவுகளில் வாந்தியெடுத்த களைப்பில் தம்பி மதியமே படுத்துவிட்டான். "நடுங்குது காயத்ரிக்கா" என்றான். கரிச்சட்டியை நான்தான் கொண்டுபோய் வைத்தேன். சன்னலைச் சாத்தினேன். கதவிடுக்கில் அப்பா கொடுத்த ஸ்வெட்டர் ஒன்றைச் சுருட்டி வைத்தேன். காற்றுக்குக் கதவு திறந்துகொள்ளும் என்று வெளித்தாழ்ப்பாளும் போட்டேன்.

அவனே கரியை வைத்துக்கொண்டான் என்று உங்களிடம் சொன்னேன். கீழேயிருந்து வருகிறவர்கள் குளிர்காலத்தில் செய்கிற தவறுதான் என்றார் உங்கள் ஏட்டையா. நீங்களும் அப்படியே முடித்துவிட்டீர்கள். எனக்குத்தான் முடியவில்லை. எழுந்து எழுந்து வீட்டுத் தாழ்ப்பாள்களை எல்லாம் திறந்துவைக்கிறேன். நாளைக்கு அந்தக் காட்சியை மறுபடி நடத்த வேண்டும். ஜீவிதா முன்வரிசையில் உட்காருகிறவள்.

அந்த மகளை நான் இப்போதும் குறை சொல்லமாட்டேன். குடும்பம் கலையாமலிருக்க யாராவது ஏதாவது செய்யத்தானே வேண்டும்? அப்பா இனி எங்கும் போகப்போவதில்லை.

அன்று கூடத்தில் அவருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். "ஆரோ கதவத் தட்றாப்புல இருக்குது கண்ணு" என்றார்.

"காத்துங்கப்பா."

காபியைக் குடித்து முடிப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

நாவலில் அந்தத் தம்பி தட்டவே இல்லை, சார். தட்டியிருந்தால் அவள் நிச்சயம் திறந்திருப்பாள்.