மணிகள் பிடித்து வைத்தது

டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் சார், தண்ணீர் போதும். நீங்கள் கேட்டுக் கேட்டுக் களைக்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடிநீர் நிலையத்தில் கடைசித் தொட்டி என் பொறுப்பு. அதில் கடுகு அளவில் பாலிமர் மணிகள் நிரம்பியிருக்கும். ஆற்றின் மேல்பக்கம் சர்க்கரை நோய் மாத்திரை செய்யும் தொழிற்சாலை. அங்கிருந்து கசிந்து வரும் மருந்து, மணலுக்கும் குளோரினுக்கும் மசியாது. என் மணிகள் பிடித்து வைத்துக்கொள்ளும். நிரம்பியதும் கழுவி, அந்தக் கழுவுநீரை எரிக்க அனுப்பிவிடுவோம்.

புதிதாக வந்த பொறியாளர் தொட்டியை மூடச் சொன்னார். "இத்தனை வருஷத்துல யாருக்காவது ஏதாவது ஆச்சாம்மா? அப்புறம் எதுக்கு இந்தப் பாசிமணி வியாபாரம்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. கேள்வி நியாயமானதுதான். யாருக்கும் எதுவும் ஆகாததற்கு நான்தான் காரணம் என்பதை எப்படிக் காட்டுவது?

அந்த முறை கழுவுநீரை நான் எரிக்க அனுப்பவில்லை. ரயில்பாதைக்கு அந்தப் பக்கத்துத் தெருவுக்குத் தண்ணீர் போகும் தொட்டியில் ஊற்றினேன். வெளியிலிருந்து ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் இல்லாவிட்டால் அவர்கள் குடித்திருக்க வேண்டியதைத்தான் திருப்பிக் கொடுத்தேன். என்ன, கொஞ்சம் மொத்தமாக.

ஏன் அந்தத் தெரு? என் தங்கை அங்கேதான் இருக்கிறாள். முகம் தெரியாதவர்களிடம் செய்து பார்ப்பது கோழைத்தனம்.

மதியம் அவள் போன் செய்தாள். "அக்கா, தண்ணி கசக்குது. பாப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுது, கூப்பிட்டா கண்ணத் திறக்க மாட்டேங்கறா. தண்ணியாலதான் இருக்குமோ?"

"கொதிக்க வெச்சுக் குடுடி, ஒண்ணும் ஆகாது."

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அந்த மருந்து அசையாது. தெரியும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது, குழந்தை வாயில் கொஞ்சம் சர்க்கரை போடு, ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று சொல்லியிருக்கலாம். அதுவும் தெரியும். சொல்லியிருந்தால் தெருவே குழாயை மூடியிருக்கும். பழையபடி யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது. பொறியாளர் மறுபடியும் சிரித்திருப்பார்.

சாயங்காலத்துக்குள் தெருவில் பலர் மயங்கி விழுந்தார்கள். மூலைவீட்டுத் தையல்காரரும் என் தங்கை மகளும் பிழைக்கவில்லை. பொறியாளர் இப்போது யாரைப் பார்த்தும் சிரிப்பதில்லையாம். தொட்டியில் புது மணிகள் போட்டுவிட்டார்களாம். என் தொட்டி ஓடுகிறது, சார். அதை இனி ஒருவரும் மூடமாட்டார்கள்.

தங்கை என் முகத்தில் விழிக்கமாட்டேன் என்கிறாளா? துக்கத்தில் பேசுகிறாள், பாவம். மனது ஆறட்டும். இன்று அவள் வீட்டுக் குழாயில் வருவது ஊரிலேயே நல்ல தண்ணீர். அது யாரால் என்று அவளுக்குப் புரியாமலா போய்விடும்?