எழுப்பாதீங்கம்மா, தூங்கறார்

குறட்டை எனக்கு ஒரு தொந்தரவே இல்லை. என் வீட்டுக்காரர் விடுகிற குறட்டைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டியிருக்கிறார்கள். நான் பக்கத்திலேயே அடித்துப் போட்ட மாதிரி தூங்குவேன். அதனால் உன் அப்பாவின் குறட்டை பொறுக்காமல்தான் அப்படி நடந்துகொண்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. கதவைச் சாத்திவிட்டு உட்கார். இது நர்ஸுகள் உடை மாற்றுகிற அறை, இப்போது யாரும் வரமாட்டார்கள்.

நீ இரண்டு முறை வந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "சிஸ்டர், அம்மா படுக்கவே மாட்டேங்கறாங்க. 'நான் அசந்து தூங்கினேன், அந்த நேரத்துல அவர் போயிட்டார்'னு அதையே சொல்லிச் சொல்லி உருகறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க." முதல் முறை தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். இன்று உன் முகத்தைப் பார்த்த பிறகு அப்படிப் போக முடியவில்லை.

உன் அப்பாவை எனக்குப் பிடித்திருந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் இல்லையா, வாயைத் திறந்தால் வண்டிப் பேச்சுதான். ரத்தம் எடுக்கப் போனால், "சிஸ்டர், ஹாரன் அடிச்சிட்டுக் குத்துங்க" என்பார். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரிடம், "வளைவுல கியரைக் குறைப்பா" என்று சொல்லிக்கொண்டேதான் குடலிறக்க ஆபரேஷனுக்குப் போனார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

அவரைச் சேர்த்த அன்றே உன் அம்மா கேட்டார். "இவருக்குத் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வரும் சிஸ்டர். முகத்துல மாட்டிக்கிற காத்து மிஷின் வீட்டுல இருக்கு. கொண்டு வரட்டுமா?" வேண்டாம் என்றேன். "இங்க எல்லாம் இருக்கும்மா, பயப்படாதீங்க." எங்களிடமும் அது இருக்கிறதுதான், ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவை விட்டு வெளியே வராது. வீட்டிலிருந்து கொண்டுவருகிற மின்சாதனம் எதுவானாலும் எலக்ட்ரீஷியன் வந்து சோதித்து ஸ்டிக்கர் ஒட்டிய பிறகுதான் பிளக்கில் செருகலாம். அந்த மனிதரை வரவழைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்; வந்தாலும் சிடுசிடுவென்று விழுவார். தலைக்கு மேல் வேலை கிடந்தது, ஒன்றைக் குறைத்துக்கொண்டேன். இந்த வார்டில் அதைச் செய்யாதவர்கள் யாரும் இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மத்தியானம் அறைக்குக் கொண்டுவந்தார்கள். உன் அம்மா கட்டிலை ஒட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். குறட்டை ஓடிக்கொண்டே இருக்கும், சட்டென்று நிற்கும். உடனே தோளில் கை வைத்து, "ஏங்க" என்று ஓர் உலுக்கு உலுக்குவார். அவர் திணறி மூச்சை இழுத்துக்கொள்வார். திரும்பக் குறட்டை, திரும்ப உலுக்கல். மிஷின் வாங்குவதற்கு முன்னால் பல வருடம் அந்தக் கைதான் அவரைக் காப்பாற்றியது என்று பிறகு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்போது டாக்டர் தன் குழுவோடு வந்தார். "மிஷின் எங்கம்மா?" என்று கேட்டார். உன் அம்மா சூதுவாது இல்லாதவர். "நான் கேட்டேன் டாக்டர், சிஸ்டர்தான் வேண்டாம்னுட்டாங்க" என்றார். டாக்டருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். அத்தனை பேர் முன்னால் என்னை ஒரு பார்வை பார்த்தார். "உடனே எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் இவரைத் தனியா விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு பார்வைதான் காரணம். சொல்ல நாக்குக் கூசுகிறது. வேறு ஏதாவது பெரிய காரணம் அகப்படுமா என்று எனக்குள் எவ்வளவோ தேடிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை.

உன் அம்மாவுக்குக் கிளம்ப மனம் வரவில்லை. "நான் போயிட்டா இவரை யாரு எழுப்புவா?"

"நான் பார்த்துக்கறேம்மா. நீங்க போயிட்டு வாங்க."

"பக்கத்துலயே இருப்பீங்கல்ல?"

"வேற எங்க போகப்போறேன்?"

என் கையை இறுகப் பிடித்துவிட்டுப் போனார். அவர் மிஷினைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்போது, மிஷின் இல்லாமலேயே புருஷன் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். டாக்டர் காதிலும் அது விழ வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

உன் அப்பா தையல் போட்ட இடம் வலிக்கிறது என்றார். வலித்தால் கொடுக்கலாம் என்று ஓர் ஊசி மருந்து எழுதியிருந்தது. அது வலியை அடக்கும், மூச்சையும் மந்தமாக்கும். இவரைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கூடவே நின்று பார்க்க வேண்டும் என்பது படிக்கிற காலத்திலேயே சொல்லிக்கொடுப்பது. நான் முழுவதையும் ஒரே மூச்சில் போட்டேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயை வைத்தேன். அதை வைத்துவிட்டால், மூச்சு விட்டு விட்டு வந்தாலும் மானிட்டரில் ரத்தத்து ஆக்சிஜனைக் காட்டுகிற எண் கொஞ்ச நேரத்துக்கு அழகாகத் தெரியும். அப்படியும் அலாரம் கத்தியது. எண் எவ்வளவு இறங்கினால் அது கத்த வேண்டும் என்று நாங்களே வைக்கலாம். அதை வெகுவாகக் கீழே இறக்கினேன், சத்தத்தையும் அடக்கினேன். தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலைத் தட்டையாக்கினேன். மல்லாந்து படுத்தால் பார்ப்பதற்கு நல்ல தூக்கம் மாதிரி இருக்கும். பிறகு என் மேஜைக்குப் போய்விட்டேன்.

கூட வேலை பார்க்கிறவள், "என்னக்கா, டிரைவிங் ஸ்கூல்காரர் சத்தத்தையே காணோம்?" என்றாள். "நல்லா தூங்கறார்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

கொஞ்சம் கழித்து உள்ளே போனேன். மானிட்டரில் சத்தமில்லாமல் சிவப்பு மினுக்கிக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடையில் உன் அம்மா வருவது தெரிந்தது. மிஷின் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார். நான் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

"எழுப்பாதீங்கம்மா, தூங்கறார். இப்பதான் நல்லா கண் அசந்தார்."

"மிஷின் இல்லாமயா?"

"மிஷின் இல்லாமத்தான்."

உன் அம்மாவின் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். "கொஞ்ச நேரம் அந்த பெஞ்சுல உட்காருங்கம்மா, நீங்களும் மனுஷிதானே" என்றேன். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முந்தின ராத்திரி முழுக்க விழித்திருந்தவருக்கு, சுவரில் தலை சாய்ந்ததும் கண் சொருகிவிட்டது.

நான் உள்ளே போய்க் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினேன். அலாரம் எண்ணைப் பழைய இடத்துக்கு ஏற்றினேன். கடைசியாகச் சத்தத்தை ஏற்றினேன். அது அலறியதும் எல்லோரும் ஓடிவந்தார்கள். வந்தபோது நான் அவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தேன். "நீ இருந்ததால இவ்வளவாவது போராட முடிஞ்சது" என்று மேட்ரன் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். உன் அம்மா விழித்து ஓடிவந்து, "பாவி நான் தூங்கிட்டேனே, தூங்கிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரைத் தோளோடு அணைத்து, "விதிம்மா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது. இதற்காக நான் படுகிற வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை, நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும்.

கழுத்தில் விரல் வைத்தேன் என்றேனே, அப்போது நாடி இருந்தது. மெலிந்துதான் இருந்தது, ஆனால் இருந்தது. அந்த நிமிஷமே கத்திக் கூப்பிட்டிருந்தால் உன் அப்பா இன்று யாருக்காவது வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். கட்டிலையும் அலாரத்தையும் ஒழுங்கு செய்துவிட்டுத் திரும்பவும் விரலை வைத்தபோது அது இல்லை.

அழாதே. உன் அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. அவருக்கு என் மேல் நல்ல எண்ணம் இருக்கிறது, நான் நேரில் வந்து சொன்னால் தாங்கமாட்டார். எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. சிஸ்டர் கடைசி வரைக்கும் பக்கத்திலேயே இருந்தார், அப்பா வலியில்லாமல் தூங்கினார் என்றால் போதும். நான் எனக்காகச் சொல்லவில்லை. உன் அம்மா தூங்க வேண்டும், அதுதானே முக்கியம்.