ஒரு பாட்டுக்கு ஓர் ஊசி

கிராமபோனில் ஒரு பாட்டுக்கு ஓர் ஊசிதான் போட வேண்டும். தேய்ந்த ஊசியையே மறுபடி போட்டால் பிளேட்டு கீறிப்போகும். சிலர் சிக்கனம் பார்க்கிறேன் என்று ஒரே ஊசியை ஒரு வாரம் ஓட்டுகிறார்கள். அப்படிப்பட்டவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

நீங்கள் ராசாத்தாளைப் பற்றித்தானே கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நானும் அவளும் அன்னூர்ப் பக்கம் ஒரே ஊரில் பிறந்து, இந்த ஒரே ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். சிறுமிகளாக இருந்தபோது அவிநாசித் தேருக்கு வந்து நாடகம் பார்த்தோம். ராஜா வேஷக்காரன் மனைவியைப் பிரிந்து பாடிய பாட்டுக்கு ராசாத்தாள் தேம்பித் தேம்பி அழுதாள். நான் அவளைப் பார்த்து அழுதேன். முப்பது வருஷம் கழித்து அதே பாட்டு பிளேட்டாக வந்தது. என் வீட்டுக்காரர் பருத்தி வியாபாரத்துக்காகத் திருப்பூரே கதி என்று கிடப்பவர். முத்தாத்தாள் தனியாகக் கிடக்கிறாளே என்று எனக்குப் பாட்டுப்பெட்டி வாங்கிப் போட்டார். அவர் செய்த ஒரே நல்ல காரியம் அது.

அப்புறம் தினமும் மத்தியானம் ராசாத்தாள் வந்துவிடுவாள். புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே பாட்டுக் கேட்போம். அவள் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான்; என் மகள்களைக் கட்டிக்கொடுத்தாயிற்று. முழங்கால் வலியும் நரையும் எங்கள் இருவருக்கும் சேர்ந்தே வந்தன. மாதம் ஒருதரம் வண்டி கட்டிக்கொண்டு கோயமுத்தூர் போய் டாக்கி பார்ப்போம். வெள்ளைச் சேலைக்காரிக்கு டாக்கி ஒரு கேடா என்று ஊர் பேசியது. நாங்கள் திரும்பும் வழியெல்லாம் கதாநாயகியின் ரவிக்கைக் கையைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டு வருவோம். இந்த வயதில் ஒருத்திக்கு இதைவிட என்ன வேண்டும்? அவளும் அப்படித்தான் நினைக்கிறாள் என்று இருந்தேன்.

போன தை மாதம் அவள் மகன் திருமூர்த்தி வந்தான். பம்பாயில் மில் வேலை அவனுக்கு.

"ஏனுங்க பெரியம்மா, அம்மாவக் கையோட கூட்டீட்டுப் போறனுங்க. இனி அங்கதானுங்க" என்றான்.

நல்ல பையன். பணியாரம் சுட்டுக் கொடுத்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ராசாத்தாள் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டு வந்திருந்தால் விட்டிருப்பேன்.

பெட்டியில் வேறு ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "தேர்ல கேட்டமே, அந்தப் பாட்ட எடுத்துப் போடு புள்ள. கடைசியா ஒருக்கா கேட்டுப்போடறேன்" என்றாள்.

பிளேட்டுகளை உள்ளறையில் உயரத்து அட்டாலியில் வைத்திருக்கிறேன். மூங்கில் ஏணி போட்டு ஏற வேண்டும். காரைத் தரை வழுக்கும் என்பதால் ஒருத்தி ஏறினால் மற்றவள் ஏணியின் அடியில் காலை முட்டுக்கொடுத்து நிற்பாள். எப்போதும் நான்தான் ஏறுவேன். அன்று அவளை ஏறச் சொன்னேன்.

"கெட்டியா முட்டுக் குடுத்துக்க புள்ள."

"நீ ஏறு, நா இருக்கறனல்ல."

பிளேட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். வாங்கி, நின்ற இடத்திலிருந்தே பக்கத்துக் கட்டில்மேல் பத்திரமாக வைத்தேன். அப்புறம் காலை எடுத்தேன்.

கால் முறிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். சுவரோரம் கிடந்த உரலில் பிடரி பட்டுவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், கால் என்றால் ஆறு மாதத்தில் கூடிவிடும். அவன் மறுபடி வந்து நிற்பான்.

முன்னறையில் பாட்டு முடிந்து ஊசி சும்மா தேய்ந்துகொண்டிருந்தது. முதலில் போய் அதைத் தூக்கி வைத்தேன். பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

கழுத்துக்குக் கீழே அசைவில்லை; பேச்சும் போய்விட்டது. அதே உள்ளறையில் வைத்து நான்தான் பார்க்கிறேன். கஞ்சி புகட்டி, உடம்பு துடைத்து, தலை வாரி விடுகிறேன். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்று ஊரே சொல்கிறது. லீவு முடிந்து பம்பாய் போயிருந்த திருமூர்த்தி மறுபடி அழைக்க வந்தான். ரயிலில் கொண்டுபோனால் உயிர் தங்காது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவன் அதை விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் உங்களைக் கூட்டி வந்திருக்கிறான். ஏணியைப் பற்றி அவனுக்குத் தெரியாது. நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். பொய் பேசி எனக்குப் பழக்கமில்லை.

வாசலில் கார் நிற்கிறது. நான் உங்களோடு வருகிறேன், அது நியாயம். அவளை மட்டும் பம்பாய்க்கு அனுப்பாதீர்கள். அவளுக்கு எது பிடிக்கும் என்று அங்கே யாருக்குத் தெரியும்? நான் தினமும் புது ஊசி போட்டு அந்தப் பாட்டை வைக்கிறேன். அவள் கண்ணிலிருந்து நீர் வழியும், தேரில் அழுதாளே, அதே போல. பாட்டுக்கூட வேண்டாம். பிளேட்டை எடுக்க நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் நுழைந்தாலே அவளுக்கு அழுகை வந்துவிடுகிறது. அந்தப் பாட்டின் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.