இடப்பக்கம் வெயில்

– நம்ம பொண்ணோட உசுரு என்ன வெலை தெரியுமாங்க? ரெண்டு பவுண்டு காத்து. இன்னைக்கு நெலவரம் அதான்.

– ஏம்மா, அவ ரேஸ் ட்ராக்குல பறந்துக்கிட்டிருக்கா. இப்பப் போயி அபசகுனமா…

– அந்த வாக்கிடாக்கியக் குடுங்க. அவள உள்ள கூப்பிடணும்.

– கூப்பிடறதா! டீம் மேனேஜரு ஸ்டாப்வாட்சும் கையுமா நிக்கிறாரு. ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஒரே ஒரு சுத்து வந்தா அவளுக்கு டீம்ல எடம். மூணு வருஷமா இதுக்குத்தான நாயா அலைஞ்சா?

– இங்க வந்து தரையப் பாருங்க. காலைலேருந்து கார் நின்ன எடம். என்ன தெரியுது?

– எண்ணெய்க் கறை.

– கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க. வலப்பக்கம் ஷெட்டு நெழலு. இடப்பக்கம் வெயிலு. இந்தப் பக்கம் கெடந்த ஸ்பேனரத் தொட்டேன், கை பொத்துப் போச்சு.

– அதனால?

– வெயில்ல நின்னா டயருக்குள்ள காத்து சூடேறும். காத்து மீட்டரு அதிகமா காட்டும்.

– யாருகிட்ட? இருபது வருஷமா டயர் கடை வச்சிருக்கவன்கிட்டயா? ஏழு மணிக்கே, வெயில் எட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி, நாலுலயும் இருபத்தெட்டு பவுண்டு வச்சேன். சுத்தமான வேலை.

– நீங்க வச்சது சுத்தம்தான். நான்தான் கெடுத்துட்டேன்.

– என்னது?

– ஒம்போது மணிக்கு டீ குடிக்கப் போனீங்கல்ல? சும்மா மீட்டர வச்சுப் பாத்தேன். இடப்பக்கம் ரெண்டு டயரும் முப்பது காட்டுச்சு. மனுசன் கண்ணு தெரியாம கூட அடிச்சுட்டாருன்னு எறக்கி இருபத்தெட்டாக்கிட்டேன்.

– காத்தளவு எழுதற நோட்டுல எழுதலையே நீ?

– எழுதினா பக்கத்து ஷெட்டுக்காரரு எட்டிப் பாப்பாரு, உங்க மானம் போகும். அதான் விட்டுட்டேன். இப்பப் பாருங்க, சூட்டக் கழிச்சா நெஜத்துல இருபத்தாறு. இந்த ட்ராக்குல எல்லாம் வலது வளைவு, கார் கனம் மொத்தமும் இடப்பக்கந்தான் சாயும்… ஏங்க, ஏன் உக்காந்துட்டீங்க?

– இருபத்தாறு இல்லம்மா.

– பின்ன?

– பத்தரைக்கு நானும் பாத்தேன். இடப்பக்கம் முப்பது.

– ஐயையோ.

– காலைல நான்தான் தப்பா வச்சுட்டேன்னு நெனச்சேன். உன்கிட்ட மாட்டினா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவ. அதான் சத்தமில்லாம ரெண்டு எறக்கினேன்.

– அப்ப இருபத்திநாலு! வளைவுல டயரு ரிம்ம விட்டுக் கழண்டுடும்ங்க! குடுங்க அந்தக் கருமத்த! பாப்பா, பாப்பா! அம்மா பேசறேன்!

– சொல்லும்மா, சீக்கிரம்.

– வண்டி எப்படிடி இருக்கு?

– இடப்பக்கம் சொதசொதன்னு இருக்கு, சேத்துல ஓட்டற மாதிரி. ஆனா போன சுத்து ஒரே ஒரு செகண்டுலதான் தவறிப்போச்சு. இந்தத் தடவ முடிச்சுடுவேன்.

– ஒன்னும் முடிக்க வேணாம். உள்ள வா.

– அம்மா! ஒரு செகண்டும்மா!

– அப்பா சொல்றேன் கண்ணு. இடப்பக்கம் காத்து நாலு கம்மி. வேகத்தக் கொறை.

– நோட்டுல இருபத்தெட்டுன்னு இருக்குப்பா.

– நோட்டு பொய்டா!

– இந்த ஒரு வளைவு மட்டும். அதுக்கப்பறம் சத்தியமா வந்துடறேன்.

– பேரம் பேசாத! மெதுவா கால எடு, பிரேக்க சட்டுனு மிதிக்காத. கேக்குதா? கண்ணு? கண்ணு!

– என்னங்க, சத்தமே இல்ல.

– இரு, இரு.

– மேனேஜரு ஏன் ஓடறாரு? அங்க ஆபத்துன்னு மஞ்சக் கொடி ஆட்டறாங்களே!

– கண்ணு, ஏதாவது பேசு. திட்டு, பரவால்ல.

– …கேக்குதுப்பா.

– எங்க இருக்க?

– புல்லுல. கால எடுத்துட்டேன், அதான் பொழச்சேன். ரெண்டு சுத்து சுத்தி நின்னுச்சு. பின்னாடி இடது டயரு ரிம்ம விட்டு வெளிய தொங்குது.

– அடி? ரத்தம்? கைகால ஆட்டிப் பாரு!

– எல்லாம் ஆடுதும்மா. டீம்ல சீட்டுதான் போச்சு.

– போகட்டும் சனியன். எல்லாம் எங்களாலதான் பாப்பா.

– அம்மா, அழுகைய நிறுத்திட்டு நோட்ட எடு. இன்னைக்காவது உள்ளத எழுது. நீ எவ்வளவு எறக்கின?

– ரெண்டு.

– அப்பா?

– ரெண்டு.

– பதினொன்றரைக்குக் கெளம்பறப்ப நானும் பாத்தேன், இடப்பக்கம் இருபத்தொம்போது. சொன்னா நீங்க ரெண்டு பேரும் சண்டைக்கு நிப்பீங்கன்னு நானே ஒன்னு எறக்கிட்டேன். மொத்தம் அஞ்சுன்னு போட்டு, கீழ மூணு கையெழுத்துக்கு எடம் விடும்மா.